அரசாங்கத்துக்கு வீடு எங்கே? – வாசகர் கேள்வி பதில்

சிறு பிள்ளைகளுக்கு அரசாங்கம், சட்டம், உரிமை பற்றிச் சொல்லிக்கொடுப்பது குறித்து வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

என் மகளுக்கு ஆறு வயது. "அரசாங்கம் எண்டா ஆர்? அவருக்கு வீடு எங்க?" என்று கேட்கிறாள். ஜனாதிபதியின் படத்தைக் காட்டினேன். சரிதானே?
– ஒரு தாய், வெள்ளவத்தை

படத்தைக் காட்டியது பிழையில்லை. ஆனால் அங்கிருந்து தொடங்கினால், அரசாங்கம் என்பது ஓர் ஆள், கேட்டால் தருவார், கோபம் வந்தால் தண்டிப்பார் என்ற எண்ணம் ஊறிவிடும். ஆறு வயதில் தெரியவேண்டியது ஒன்றுதான்: அது பலர் பங்குபோட்டுச் செய்யும் வேலை.

வாசலிலிருந்து காலி வீதிவரை மகளைக் கூட்டிக்கொண்டு நடந்து போங்கள். கண்ணில் படும் ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி: இதை யார் வைத்தது? பழுதானால் யார் திருத்துவது? காசு யாருடையது? ஒழுங்கையில் குப்பை எடுக்கும் லொறி கொழும்பு மாநகர சபையுடையது. ஒழுங்கை முடிந்து காலி வீதியில் கால் வைத்தால் அது ஏ2 நெடுஞ்சாலை. அதைப் பார்ப்பது வீதி அபிவிருத்தி அதிகார சபை. கடற்கரைப் பக்கம் போனால் தண்டவாளம், அது புகையிரதத் திணைக்களம். வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. பெயர்களை மனனம் செய்ய வைக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆட்கள் பொறுப்பு என்பது விளங்கினால் அன்றைக்குப் போதும்.

மூன்றாவது கேள்விக்குச் சில்லறைக் காசு வேண்டும். பெறுமதி சேர் வரி இப்போது 18 வீதம். வரியோடு 118 ரூபாய் விலையுள்ள ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, மேசையில் 100 ரூபாயை ஒரு பக்கமும் 18 ரூபாயை மறுபக்கமும் வையுங்கள். அந்தப் 18 ரூபாய் வரிப் பணம், அதில் நாங்கள் கொடுத்ததும் உண்டு என்று காட்டுங்கள். "அரசாங்கம் இலவசமாகத் தருது" என்ற பேச்சு வீட்டில் குறையும்.

இன்னொன்று. "சாப்பிடாட்டி பொலிசிட்ட பிடிச்சுக் குடுப்பன்" என்று வெருட்டும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். புறக்கோட்டைச் சனத்துக்குள் தவறிப்போனால், அந்தச் சீருடையைத் தேடித்தான் பிள்ளை போகவேண்டும்.

மகன் தரம் 4. சிறுவர் உரிமை பற்றிப் படித்த நாளிலிருந்து எதற்கெடுத்தாலும் "அது என்ட உரிமை" என்கிறான். போன் தராவிட்டால் உரிமை மீறலாம். "முதல்ல கடமையச் செய், பிறகு உரிமை கேள்" என்று சொல்லிவிட்டேன்.
– ஒரு தந்தை, கொட்டாஞ்சேனை

அந்தக் கடைசி வசனத்தைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். உரிமை நல்ல பிள்ளைக்குக் கிடைக்கும் பரிசு அல்ல. எவரையும் சித்திரவதை செய்யக்கூடாது, கொடூரமாகவோ இழிவாகவோ நடத்தக்கூடாது என்கிறது நமது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை. களவெடுத்துப் பிடிபட்டவருக்கும் அது பொருந்தும். கடமை செய்தால்தான் உரிமை என்று பழகிய பிள்ளை, யாராவது தன்னை அடித்தாலோ தகாத முறையில் தொட்டாலோ, "நான் பிழை விட்டதாலதான்" என்று நினைத்து வாய் திறக்காது. எங்களுக்குப் பயம் அதில்தான்.

மகனுக்குக் குழப்பம் வந்திருப்பது நான்கு விடயங்களை ஒன்றாகப் போட்டதால். தபாலட்டை அளவில் 12 அட்டை வெட்டுங்கள். பத்தில் ஒவ்வொரு வசனம் எழுதி, இரண்டை வெறுமையாக விடுங்கள். நான்கு டப்பாக்களில் "வீட்டு ஒழுங்கு", "சட்டம்", "உரிமை", "ஆசை" என்று ஒட்டுங்கள். ஒவ்வோர் அட்டையையும் போடுமுன் அவன் பதில் சொல்லவேண்டும்: இதை யார் போட்டது? யாரால் மாற்ற முடியும்? மீறினால் என்ன நடக்கும்? யாருக்கெல்லாம் பொருந்தும்?

எட்டு மணிக்குப் படுக்கவேண்டும் என்பது வீட்டு ஒழுங்கு. நீங்களே மாற்றலாம், அடுத்த வீட்டுக்குப் பொருந்தாது. மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவரும் ஹெல்மெட் போடவேண்டும் என்பதை அப்பா நினைத்தாலும் மாற்ற முடியாது, அது சட்டம். பொலித்தீன் லஞ்ச் சீட்டுக்கு 2017 செப்டெம்பரில் தடை வந்ததையும் ஓர் அட்டையில் எழுதலாம். நேற்றுவரை கடையில் விற்ற பொருள் இன்று சட்டத்துக்குப் புறம்பாகலாம் என்பதைப் பிள்ளைகள் வியப்போடு கேட்பார்கள்.

உரிமைக்கும் ஆசைக்கும் வித்தியாசம் காண ஐந்தாவது கேள்வி ஒன்று உண்டு: இதைத் தரவேண்டிய கடமை யாருக்கு? பாடசாலைக் கல்விக்கு அரசும் பெற்றோரும் பொறுப்பு. அதனால் அது உரிமை. போன் தரவேண்டிய கடமை எவருக்கும் இல்லை. அது ஆசை டப்பாவுக்குள் போகும், அவனே போடுவான். "5 வயதிலிருந்து 16 வயதுவரை பாடசாலைக்குப் போகவேண்டும்" என்ற அட்டையைக் கடைசிக்கு வைத்திருங்கள். அது இரண்டு டப்பாவுக்கும் உரியது: பிள்ளைக்கு உரிமை, பெற்றோர் மீது சட்டம். அந்த அட்டை எங்கே போவது என்ற வாக்குவாதத்தில்தான் பாடமே இருக்கிறது. அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாதீர்கள். வெறும் அட்டை இரண்டில் அவன் எழுதுவதை வைத்து எவ்வளவு விளங்கியிருக்கிறது என்று அறியலாம்.

போன் விடயத்தில் அவனுக்கு ஓர் உரிமை உண்டு. இலங்கை 1991இல் ஏற்று உறுதிசெய்த ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விடயத்தில் பிள்ளை கருத்துச் சொல்லலாம், அதற்கு மதிப்புக் கொடுக்கவேண்டும் என்கிறது. முடிவெடுக்கும் உரிமை அல்ல, கேட்கப்படும் உரிமை. இரண்டு நிமிடம் அவன் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். பிறகு உங்கள் காரணத்தைச் சொல்லுங்கள். "நான் சொன்னாச் சொன்னதுதான்" என்பது காரணத்தில் சேராது. அதே இருப்பில் 1929 என்ற இலக்கத்தையும் பாடமாக்குங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் அழைப்பு இலக்கம் அது. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம்.

தரம் 5 வகுப்பில் 32 பிள்ளைகள். தேர்தலை நடத்திக் காட்ட விரும்புகிறேன். முன்பு வகுப்புத் தலைவர் தேர்வு வைத்தபோது இரண்டு பிள்ளைகள் அழுததுதான் மிச்சம்.
– ஓர் ஆசிரியை, பம்பலப்பிட்டி

ஆட்களை நிறுத்தினால் யாரைப் பிடிக்கும் என்பதற்குத்தான் வாக்கு விழும். முதல் தேர்தலில் ஒரு விடயத்தை நிறுத்துங்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் என்ன செய்வது: எல்லே விளையாட்டு, கதை வாசிப்பு, சித்திரம். வென்றதை அந்த வெள்ளியே செய்தாகவேண்டும். செய்ய முடியாதது எதையும் சீட்டில் போடாதீர்கள். வாக்களித்தும் ஒன்றும் நடக்காவிட்டால், வாக்கால் பயனில்லை என்பதைத்தான் பத்து வயதில் படிப்பார்கள்.

முதலில் வாக்காளர் பட்டியல்: 32 பெயர், சீட்டை வாங்கும்போது பெயருக்கு நேரே கோடு. மேசைமேல் மூன்று பக்கமும் மட்டையால் மறைப்பு. வெறும் பெட்டியை எல்லோருக்கும் திறந்து காட்டிவிட்டு ஒட்டுங்கள். சீட்டில் 1, 2, 3 என்று விருப்பு வரிசை. ஜனாதிபதித் தேர்தலிலும் இப்படித்தான். எண்ணும்போது ஒவ்வொரு சீட்டையும் உயர்த்திக் காட்டுங்கள். இரண்டு இடத்தில் 1 போட்டிருந்தால் செல்லுபடியாகாது. யாருடையது என்று தேடவும் கூடாது.

உதாரணமாக எல்லேக்கு 13, கதைக்கு 11, சித்திரத்துக்கு 8 என்று வந்தால் "எல்லே வெண்டுட்டுது!" என்று கத்துவார்கள். பொறுங்கள். 32இல் பாதிக்கு மேல் என்றால் 17 வேண்டும், எவருக்கும் இல்லை. முதல் இரண்டு இடத்தைத் தவிர மற்றவை விலக, சித்திரத்தின் 8 சீட்டில் அடுத்த விருப்பைப் பாருங்கள். எல்லேக்கு 2, கதைக்கு 5, ஒன்றில் அடுத்த விருப்பே எழுதவில்லை. எல்லே 15, கதை 16. எஞ்சிய 31 சீட்டில் 16 பாதிக்கு மேல். கதை வென்றது. 2024 செப்டெம்பரில், இலங்கை வரலாற்றில் முதன்முறையாக, ஜனாதிபதித் தேர்தலில் இப்படி இரண்டாவது எண்ணிக்கை நடந்தது. பெற்றோர் பலருக்கே அது விளங்கியிருக்கவில்லை. உங்கள் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் விளக்குவார்கள்.

எல்லே கேட்ட பிள்ளைகளின் முகம் வாடியிருக்கும். அந்த நேரத்தில் ஒன்றைக் கேளுங்கள்: "31 பேர் சேர்ந்து, ஒருத்தரை மட்டும் விளையாட விடுறதில்லை எண்டு வாக்குப் போட்டாச் சரியா?" இனம், மதம், மொழி, சாதி, பால் முதலிய காரணங்களால் எந்தப் பிரசைக்கும் ஓரவஞ்சனை காட்டக்கூடாது என்ற நமது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை எதற்காக இருக்கிறது என்பதை அதைவிட எளிதாகச் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி பார்த்துவிட்டு "எங்கட முதலமைச்சர் ஆர்?" என்கிறாள் பேத்தி.
– மட்டக்குளி வாசகர்

கொழும்புத் தமிழ் வீடுகளில் அடிக்கடி வரும் குழப்பம். மேல் மாகாணத்துக்கும் முதலமைச்சர் பதவி உண்டு. ஆனால் மாகாண சபைத் தேர்தல் கடைசியாக நடந்தது 2014இல். அதனால் இப்போது அந்தப் பதவியில் எவரும் இல்லை. அங்கே உச்ச நீதிமன்றம் என்பது இங்கே உயர் நீதிமன்றம். அங்கே உயர் நீதிமன்றம் என்பது இங்கே மேல் நீதிமன்றம். அங்கே வாக்கு இயந்திரம், இங்கே கடதாசிச் சீட்டு. அங்கே நாடாளுமன்றச் சட்டமூலத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரவேண்டும். இங்கே பொதுசன வாக்கெடுப்புத் தேவைப்படாத சட்டமூலம் சபாநாயகரின் சான்றுரையோடு சட்டமாகிறது. எங்கள் பாராளுமன்றத்தின் 225 உறுப்பினர்களில் 196 பேர் மாவட்டங்களிலிருந்தும் 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். தியவன்னா ஓயா நடுவில் உள்ள பாராளுமன்றத்தைப் பாடசாலைகள் முன்அனுமதியோடு பார்க்கலாம். கடிதத்தைப் பாராளுமன்ற அதிகாரியான படைக்கலச் சேவிதருக்கு எழுதவேண்டும்.

மாமியார் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். "பாட்டி, நீங்க முதல்ல எப்ப வாக்குப் போட்டீங்க?" என்று மகன் கேட்க, "எங்களுக்கு அப்ப வாக்கு இல்லப்பா" என்றார். எட்டு வயதுக்காரனுக்கு இதைச் சொல்லலாமா?
– ஒரு தாய், கிருலப்பனை

சொல்லவேண்டும். சட்டம் என்றாலே சரியானது என்று நம்பும் வயது அது. சட்டமும் அநியாயம் செய்யலாம், அதைச் சட்டத்தாலேயே திருத்தவும் முடியும் என்பதற்குப் பாட்டியைவிடப் பெரிய சாட்சி வீட்டில் இல்லை.

1947 தேர்தலில், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த மலையக மக்கள் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியக் காங்கிரசிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்தது மட்டும் போதாது, தகப்பனும் இங்கேதான் பிறந்தார் என்பது போன்ற அத்தாட்சி கேட்டார்கள். தோட்டத்தில் பலரிடம் அந்தக் கடதாசி இருக்கவில்லை. 1949இல் வாக்கும் போனது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தன. எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை தரும் சட்டங்கள் 1988இலும் 2003இலும் வந்தன.

எட்டு வயதில் இவ்வளவு ஆண்டுகள் ஏறாது. பதிலாக ஒரு வேலை கொடுங்கள்: "உன்ட தாத்தா எங்க பிறந்தார் எண்டு கடதாசியில காட்டு, பாப்பம்." அலுமாரியைத் திறந்து தேடட்டும். தன் பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும், அப்பாவுடையதும் கிடைக்கலாம். தாத்தாவுடையது அநேகமாகக் கிடைக்காது. தேடிக் களைத்து வரும்போது, "அதத்தான் பாட்டியின்ட ஆக்களிட்டயும் கேட்டாங்க" என்று சொல்லுங்கள்.

பாட்டியிடம் பிரசாவுரிமைச் சான்றிதழ் இருந்தால் காட்டச் சொல்லுங்கள். முதலில் வாக்களித்த ஆண்டை மகனே கேட்டு, சான்றிதழின் போட்டோ பிரதிக்குக் கீழே எழுதி ஒட்டட்டும். மூலப்பத்திரத்தில் பசை படவேண்டாம், லமினேட்டும் செய்யாதீர்கள்; உறையில் போட்டு, மற்றப் பத்திரங்களோடு பத்திரமாக வையுங்கள்.