பூசாத செங்கல் சுவர்: கொத்தனாரின் பயம் நியாயமா?

கேள்வி: கும்பகோணத்தில் 1,100 சதுர அடியில் வீடு கட்டப்போகிறோம். முன்சுவரையும் மாடிப்படிச் சுவரையும் பூசாமல் செங்கல் தெரிய விட ஆசை. "மழை இறங்கும், உப்புப் பூக்கும்" என்று கொத்தனார் மறுக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: அவர் பயம் நியாயம்தான். பூசி மறைக்கலாம் என்று வாங்கிய கல்லை, பூசி மறைக்கலாம் என்றே கட்டிவிட்டு, கடைசியில் பூசாமல் விட்டால் அவர் சொன்ன இரண்டும் நடக்கும். பூச்சு வேண்டாம் என்பதை முதல் வரிசை வைக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

முதலில் கல். சூளையிலிருந்து நாலைந்து கல் எடுத்துவந்து, நன்றாகக் காயவைத்து எடை போடுங்கள். 24 மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு மறுபடி எடை போடுங்கள். 3 கிலோ கல் 600 கிராமுக்கு மேல் தண்ணீர் குடித்திருந்தால் அந்தச் சூளையே வேண்டாம். உப்பு, கல்லின் மண்ணிலிருந்தும் வரும். மணல், கலவைத் தண்ணீரிலிருந்தும் வரும். போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் வேறு தண்ணீர் பாருங்கள். பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பதே நல்லது. கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும்.

மழை பெரும்பாலும் சாந்து இணைப்பில்தான் இறங்கும். கலவை இறுகும் முன் இணைப்பை அரை அங்குலம் சுரண்டிவிட்டு, ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல் (1:3) கலவையை அந்த இடத்தில் அழுத்திப் பாயிண்டிங் செய்யச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை உங்கள் பக்கம் வடகிழக்கிலிருந்து சாய்ந்தடிக்கும். முன்சுவர் அந்தப் பக்கம் பார்த்தால் 2 அடி சன்ஷேடு இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

முன்சுவருக்கு 'எலிப்பொறிக் கட்டு' (rat-trap bond) என்ற கட்டுமுறையை யோசியுங்கள். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை. கல்லைப் படுக்க வைக்காமல் 3 அங்குலப் பக்கம் கீழே வரும்படி நிறுத்திக் கட்டுவார்கள். 9 அங்குலச் சுவரின் நடுவே 3 அங்குல வெற்றிடம் கிடைக்கும். வெயில் சூடு உள்ளே வருவது குறையும், கல்லும் ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாகும். மூலைகளிலும் கதவு, ஜன்னல் ஓரங்களிலும் வெற்றிடம் விடாமல் கட்ட வேண்டும். மின்குழாய் போகும் வழியை முன்பே குறித்துவிடுங்கள். கட்டிய பிறகு காடி வெட்டினால் சுவரின் அழகும் போகும், பலமும் போகும்.

மாடிப்படிச் சுவருக்கு ஜாலி, அதாவது செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய துளைச் சுவர், வையுங்கள். வெளிச்சமும் காற்றும் தாராளமாக வரும். உள்பக்கம் கொசுவலை அடிக்கச் சட்டம் விட மறக்காதீர்கள்.

ஒப்பந்தம் போடும் முன் கொத்தனாரை மூன்றடிக்கு மூன்றடி மாதிரிச் சுவர் ஒன்று கட்டச் சொல்லி, அதற்குத் தனிக் கூலி கொடுங்கள். ஒரு வாரம் நீராற்றி, காயவிட்டு, ஹோஸ் பைப்பால் அரைமணி நேரம் அடித்துவிட்டுப் பின்பக்கம் தொட்டுப் பாருங்கள். கொத்தனாரையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.