போன் விற்பனை கொஞ்சம் குறைந்தாலே உதிரிபாகக் கம்பெனிகளின் லாபம் ஏன் இவ்வளவு விழுகிறது? நாடுகளுக்கு இடையே பதற்றமும் சேர்ந்தால்?

எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றின் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். வாங்குகிறவன் பக்கத்திலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன்.

செராமிக் கெபாசிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள்; மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் தேக்கிவைத்துச் சீராக்கித் தரும் குட்டிப் பாகம் அது. ஒரு ஸ்மார்ட்போனில் ஏறக்குறைய 1,000 இருக்கும். 0.6 மி.மீ. நீளம், 0.3 மி.மீ. அகலம் உள்ள சைஸ் ஒரு ரீலில், அதாவது நாடாச் சுருளில், 15,000 வரும்; தும்மினால் பறந்துவிடும். விலை பைசாக் கணக்குதான். ஆனால் அது ஒன்று இல்லாவிட்டால் போன் தயாரிக்கிற லைனே நின்றுவிடும். அதனால் 2021-ல் தட்டுப்பாடு என்றதும் ஆளாளுக்குத் தேவைக்கு மேலேயே ஆர்டர் போட்டு வைத்தார்கள்.

2022-ல் உலகளவில் ஸ்மார்ட்போன் விற்பனை சுமார் 11% சரிந்தது. போன் கம்பெனி ஆர்டரையும் 11% குறைக்கும் என்று நினைப்போம். அப்படி நடக்காது. முதலில் கிடங்கில் இருப்பதைத்தான் காலி செய்வோம்; புது ஆர்டர் போடவே மாட்டோம். போட்ட ஆர்டருக்கும் ‘புஷ் அவுட்’ கேட்டு மெயில் போகும், அதாவது டெலிவரியைத் தள்ளிப்போடச் சொல்லி. சரி, தள்ளிப்போட்ட சரக்கு அப்படியே இருக்குமா? ரீலில் டேட் கோட், அதாவது தயாரித்த தேதிக் குறியீடு, இருக்கிறது. இரண்டு வருடம் தாண்டினால் பல இடங்களில் சால்டர் டெஸ்ட் (பற்றவைப்பு சரியாகப் பிடிக்கிறதா என்ற சோதனை) ரிப்போர்ட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

கெபாசிட்டர் தயாரிப்பவர் பக்கம் அதைச் சுடுகிற சூளையின் செலவு, மெஷின் தேய்மானம், சம்பளம் எதுவும் குறையாது. இந்தக் கெபாசிட்டரில் உலகின் முதலிடம் ஜப்பானின் முராட்டாவுக்கு. 2023 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அதன் வருவாய் 7% போலத்தான் குறைந்தது. இயக்க லாபமோ 30% அளவுக்கு இறங்கியது.

இந்த ஆர்டர் சரிவு தானாகச் சரியாகிவிடும். கையிருப்பு தீர்ந்தால் ஆர்டர் வந்தே தீரும். நாடுகளுக்கு இடையிலான பதற்றம்தான் தீராத தலைவலி. 2022 ஆகஸ்டில் அப்போதைய அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைத் தலைவர் நான்சி பெலோசி தைவான் போனார், சீனா தீவைச் சுற்றிப் போர்ப் பயிற்சி நடத்தியது. அக்டோபரில் சீனாவுக்கு சிப் ஏற்றுமதியில் அமெரிக்கா கட்டுப்பாடு கொண்டுவந்தது. அப்புறம் வாங்குபவர் எல்லோருக்கும் ஒரே கேள்வி: “இந்தப் பாகம் இன்னொரு நாட்டு ஆலையிலும் தயாராகிறதா?” இருக்கிற ஆலைக்கே வேலை போதாத நேரத்தில் இன்னொன்று கட்டச் சொல்கிறோம். அதற்காக விலையில் ஒரு பைசா கூட்டித் தருவோமா என்றால், மாட்டோம். எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சீனாவை விட்டு வரவும் வழியில்லை. பெரிய வாடிக்கையாளர்கள் அங்கேதான். முராட்டா 2022 நவம்பரில் சீனாவின் வூஷியில் புது ஆலைக் கட்டடம் கட்டத் தொடங்கியது. 2023-ல் தாய்லாந்தின் லாம்பூனிலும் புது ஆலை. இரண்டு பக்கமும் செலவு.

இதில் இந்தியாவுக்கு லாபமா என்று அடுத்து கேட்பீர்கள். ஸ்ரீபெரும்புதூரில் பாகங்களைச் சேர்த்துப் போன் பொருத்துகிற வேலை பெருகியது உண்மை. உள்ளே போகும் கெபாசிட்டர் பெரும்பாலும் வெளிநாட்டு ரீலில்தான் வருகிறது. சீன சப்ளையர் பின்னாலேயே வந்து இங்கே ஆலை போடலாமே என்றால், 2020 ஏப்ரலில் வந்த விதி சீன முதலீட்டுக்கு மத்திய அரசின் முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. அந்த ஜூனில் இந்திய-சீன எல்லையில் கல்வான் மோதலும் நடந்த பிறகு அது லேசில் கிடைக்கவில்லை.