ரத்தசோகைக்கு மாதுளைதான் வாங்க வேண்டுமா?

கேள்வி: என் 14 வயது மகளுக்கு ஹீமோகுளோபின் 10 கிராம்தான் இருக்கிறது. மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, சத்தான உணவும் கொடுக்கச் சொன்னார். தினமும் மாதுளை, பீட்ரூட், ஆப்பிள் வாங்க எங்கள் வருமானம் இடம் தரவில்லை. வேறு என்ன வாங்கலாம்? – வாசகி, மதுரை.

பதில்: மாதுளையும் பீட்ரூட்டும் நல்ல உணவுகளே, ஆனால் அவற்றின் சிவப்பு நிறத்துக்கும் இரும்புச்சத்துக்கும் தொடர்பில்லை. 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட அவற்றில் கிடைப்பதில்லை. அதே அளவு கம்பில் சுமார் 6 மில்லிகிராமும், கொள்ளில் சுமார் 8 மில்லிகிராமும் உள்ளன. எனவே வாரத்தில் சில நாள்களாவது அரிசிச் சோற்றுக்குப் பதிலாகக் கம்பங்கூழோ கம்பு தோசையோ கொடுங்கள். மாவைப் புளிக்கவைப்பதும் பயறுகளை முளைகட்டுவதும், இரும்பை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும் பைட்டேட்டைக் குறைக்கின்றன. நம் பாட்டிமார்களின் கூழ்ப்பானையில் இந்த நன்மை இருந்தது.

தாவர உணவிலுள்ள இரும்பு எளிதில் உடலில் சேராது என்பதால், அதனுடன் வைட்டமின் சி சேர வேண்டும் என்பதையே நான் மிகவும் வலியுறுத்துவேன். 100 கிராம் கொய்யாவிலும் நெல்லிக்காயிலும் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு. ஆப்பிளில் பத்துகூட இல்லை. சாப்பாட்டோடு ஒரு கொய்யா போதும். அது கிடைக்காத நாளில், அடுப்பிலிருந்து இறக்கிய கீரையில் எலுமிச்சை பிழியுங்கள். சாப்பிட்டவுடன் தேநீர், காபி வேண்டாம். ஒரு மணி நேரமாவது கழியட்டும்.

முருங்கைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை ஆகியவற்றை மாற்றி மாற்றிச் சமையுங்கள். கீரையை நறுக்குவதற்கு முன்பே அலசிவிடுங்கள். அசைவம் உண்பவர்கள் என்றால், மத்தி, நெத்திலி போன்ற விலை குறைந்த மீன்களைத் தயங்காமல் வாங்கலாம். மீனிலுள்ள இரும்பு எளிதில் சேர்வதுடன், உடன் உண்ணும் கீரையிலுள்ள இரும்பு சேரவும் உதவும்.

காய்கறிகளுக்கு, 1999-இல் உங்கள் ஊர் அண்ணா நகரில் தொடங்கிய உழவர் சந்தை இருக்கிறது. விவசாயிகளே நேரடியாக விற்பதாலும், அன்றைய விலை பலகையில் எழுதப்படுவதாலும், பிற கடைகளின் விலையோடு ஒப்பிட்டு வாங்கலாம். கீரைக்கு அதிகாலையிலேயே போய்விடுங்கள்.

இவற்றைத் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மாதவிடாயில் மிகுந்த ரத்தப்போக்கோ குடற்புழுத் தொல்லையோ இருந்தால் உணவு மட்டும் ஈடுகட்டாது. அதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.