குட்டை வெட்டிய மண்ணில் பச்சைக் கட்டி: கீழே செம்புச் சுரங்கமா?

கேள்வி: திருவிடைமருதூர் பக்கம் எங்கள் வயலில் பண்ணைக் குட்டை வெட்டும்போது, ஆளுயர ஆழத்தில் பச்சை பூத்த உலோகத் துண்டுகளும் கண்ணாடிபோல் மின்னும் கறுப்புக் கட்டிகளும் கிடைத்தன. இங்கே பழங்காலச் செம்புச் சுரங்கம் இருந்திருக்குமா? புளி போட்டுத் தேய்த்துப் பார்க்கலாமா?

பதில்: முதலில் புளியைத் தள்ளி வையுங்கள். பூஜை விளக்கைத் துலக்குவது வேறு, நூற்றாண்டுக் கணக்கில் மண்ணுக்குள் கிடந்த செம்பைத் தொடுவது வேறு. எழுத்தோ கோடோ இருந்தால் அது மேலே படிந்த களிம்பில்தான் பதிந்திருக்கும். உள்ளே உலோகமே மிஞ்சாமலும் போயிருக்கலாம். புளி அந்தக் களிம்பைத்தான் கரைக்கும்.

சுரங்கத்துக்கு அங்கே வழியில்லை. செம்புத்தாது பாறையில் ஓடுவது. உங்கள் வயலுக்குக் கீழே இருப்பதோ காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல். ராஜஸ்தானின் கேத்ரி, ஜார்க்கண்டின் சிங்பூம், கர்நாடகத்தில் சித்ரதுர்கா அருகே இங்கல்தால் போன்ற இடங்களில்தான் பழைய செம்புச் சுரங்கங்களைப் பார்க்க முடியும். தாது போன போக்கிலேயே குடைந்த ஒடுக்கமான பள்ளங்கள், தாதை நொறுக்கிய கல் சுத்தியல்கள், அருகிலேயே தாதை உருக்கியபின் மிஞ்சிய கசடு, குவியல் குவியலாக. தாதில் பெரும்பங்கு வெறும் கல். அதைச் சுமந்து வருவது வீண் என்பதால் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே உருக்கிவிடுவார்கள். ஜோர்டானின் ஃபைனான் பள்ளத்தாக்கில் இப்படிச் சேர்ந்த கசடு லட்சம் டன்னைத் தாண்டும். அங்கே மண்ணில் இன்றும் செம்பும் ஈயமும் ஏறிக் கிடக்கின்றன.

டெல்டாவுக்கு வந்தது உருக்கி முடித்த செம்பு. அதில் ஒரு பங்கு திருகோணமலைப் பக்கம் சேருவிலவிலிருந்து வந்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. வந்த செம்பை இங்கே வார்த்தார்கள். சுவாமிமலையில் இன்றும் மெழுகு உருவத்தின்மேல் காவிரி வண்டலைப் பூசித்தான் அச்சு எடுக்கிறார்கள்.

சரி, அந்தக் கறுப்புக் கட்டிகள்? பெரும்பாலும் ஊர்க் கொல்லர் உலையின் இரும்புச் சிட்டமாக, அதாவது இரும்புக் கசடாக, இருக்கும். கையில் எடுத்தால் கனக்கும், குமிழ் ஓட்டைகள் இருக்கும், ஓரத்தில் துரு கசிந்திருக்கும். சின்னதாக ஒன்றை மட்டும் உடைத்துப் பாருங்கள். உடைந்த முகத்தில் கடுகளவு பச்சைப் புள்ளிகள் தெரிந்தால் அது செம்பு வேலையின் கசடாக இருக்கக்கூடும். அப்புறம், கூடவே தடித்த மண் ஓடுகள் கிடக்கின்றனவா என்று தேடுங்கள். உட்புறம் கண்ணாடிபோல் உருகி, பச்சையோ சிவப்போ ஏறியிருந்தால் அது மூசைத் துண்டு, அதாவது செம்பு உருக்கிய மண் கிண்ணத்தின் உடைசல். ஒரு மூசைத் துண்டு ஒரு வார்ப்புப் பட்டறையையே காட்டிக் கொடுக்கும். என்னைக் கேட்டால் அது சிலை கிடைப்பதைவிடப் பெரிய செய்தி.

பச்சைத் துண்டுகள் உடைந்த பாத்திரமாகவும் இருக்கலாம், புதைத்து வைத்த கோயில் பொருளாகவும் இருக்கலாம். 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்குப் பள்ளம் தோண்டியபோது இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் சிலைகளும், தேவாரம் பொறித்த நானூறுக்கும் அதிகமான செப்பேடுகளும் வெளிவந்தன. அதனால் துண்டுகள் கிடைத்த மூலையில் ஜேசிபி வேலையை நிறுத்திவிடுங்கள். எது எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று எழுதி, அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். துண்டுகளைக் கழுவாமல் நிழலில் உலர்த்தி, காகிதத்தில் சுற்றி வையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால், உப்பு ஏறிய செம்பில் வெளிர்பச்சைப் பொடி பூத்து உலோகத்தை அரித்துக்கொண்டே போகும்.

விஏஓ மூலம் தாசில்தாருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டால் பொருளும் போகும், வழக்கும் வரும்.

வெட்டிய மண்ணை வரப்பில் கொட்டியிருந்தால் அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை பரப்ப வேண்டாம். மூசை ஓடு இருந்தால் அந்த மண்ணைச் சலித்தால்தான் அகப்படும்.