மாமா செஞ்ச ஆம்ப்ளிஃபயர்

அண்ணா, பாறசாலையில இருந்து எழுதுறேன். ஒன்றரை வருஷமா ஒரு ஆடியோ புரோகிராமிங் மொழி எழுதி, கோட் முழுக்க ஓப்பன் சோர்ஸா போட்டிருக்கேன். சூப்பர்கொலைடர்ங்கிற ஆடியோ மொழியை விட சின்டாக்ஸ், அதாவது கோட் எழுதுற முறை, சுத்தம், வேகமும் குறைச்சல் இல்ல. ஆனா யூஸ் பண்றவங்க ஏழே பேர், அதுல ரெண்டு பேர் என் ரூம்மேட்ஸ். ரஸ்ட் மொழியில திருப்பி எழுதணுமா? லைசென்ஸை மாத்தணுமா? நம்ம ஆளுங்களுக்குப் புதுசா ஒண்ணு கத்துக்கவே சோம்பலா?

தம்பி,

ஏழு பேர்னு படிச்சதும் சிரிச்சுட்டேன், அப்புறம் மனசு என்னவோ பண்ணுச்சு. ஒன்றரை வருஷம் தூக்கத்தைக் கெடுத்திருக்கே. ரஸ்ட், லைசென்ஸ் எல்லாம் விடு, அதைப் பாத்து எவனும் பாட்டு போடுறதில்ல. அந்த 'சோம்பல்' தான் எனக்குச் சுருக்குனு குத்துச்சு, ஏன்னா அதே வார்த்தைய எங்க மாமா வாயில கேட்டிருக்கேன்.

மாமா களியக்காவிளையில மைக் செட் வச்சிருந்தார். அவரே ஈயம் பத்தவச்சு ஒரு ஆம்ப்ளிஃபயர் செஞ்சார். சத்தம் அவ்வளவு சுத்தம், உடுக்கு தனியா குடம் தனியா கேக்கும். ஆனா எல்லா பெட்டியிலயும் பாஸ் குமிழ் இருக்கிற இடத்துல இவர் மைக் வால்யூமை வச்சுட்டார், கேட்டா வயர் மிச்சம்பார். ஒரு கோயில் கொடைத் திருவிழாவுல வில்லுப்பாட்டு, சாமி வர்ற கட்டம், பாட்டை நடத்துற அண்ணாவி குரலை ஏத்துறார், ஆபரேட்டர் பய பழக்கதோஷத்துல பாஸைக் கூட்டறதா நெனச்சு அந்தக் குமிழை முழுசாத் திருகிட்டான். கூ...ன்னு ஒரே ஊளை. ஆடவந்த சாமியே நின்னுடுச்சுன்னு ஊர்ல இன்னும் சொல்லுவாங்க. அதுக்கப்புறம் ஒருத்தனும் அந்தப் பெட்டியத் தொடல. மாமா திண்ணையில உக்காந்து "சோம்பேறிப் பயலுவ, செவி கெட்டவனுவ"ன்னு திட்டிக்கிட்டே கிடந்தார்.

கை பழகினவனைச் சோம்பேறிங்காதே தம்பி. சிசவுண்டுங்கிற ஆடியோ மொழியை அமெரிக்காவுல எம்ஐடியில பேரி வெர்கோ எழுதினது 80கள்ல. அதுல பத்து வருஷம் பாட்டு செஞ்சு வச்சிருக்கவன் அத்தனையும் போட்டுட்டு உன் சின்டாக்ஸ் அழகைப் பாக்க ஏன் வரணும்? மில்லர் பக்கெட் 90கள்ல ப்யூர் டேட்டாங்கிற ஆடியோ மொழியைக் கொண்டுவந்தப்போ, பெட்டியும் வயருமா இழுக்கிற அந்த முறை அவரே முன்னாடி பாரிஸ்ல செஞ்ச மேக்ஸ்ல பழகினதுதான். குமிழ் பழைய இடத்துலயே இருந்துச்சு. சாம் ஆரன், கோட் எழுதி பாட்டு போடுற சோனிக் பையைச் செஞ்சப்போ சத்தம் போடுற எஞ்சினைக் கூடப் புதுசா எழுதல, அடியில ஓடுறது நீ குறை சொல்ற அதே சூப்பர்கொலைடர். ஆனா பாடம் உள்ளயே இருக்கு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குன்னு செஞ்சது, அவரே மேடையேறி அதுல வாசிச்சார்.

நீ என்ன வாசிச்சே? உன் வெப் பக்கத்துல வசதிங்க மட்டும் 42 வரி, கேக்க ஒரு செகண்ட் சத்தம் இல்ல! நான் லினக்ஸ்ல இறக்கி, சத்தத்தைக் கடத்துற ஜாக் சாஃப்ட்வேரோட சண்டை போட்டு, நாப்பது நிமிஷம் கழிச்சு வந்தது ஒரு 'பீப்'. இதுக்கா ஒன்றரை வருஷம்? கோபப்படாதே, அந்த பீப் வந்ததும் சின்னப் பிள்ள மாதிரி நாலு தடவ தட்டிப் பாத்தேன், அதையும் சொல்லிடறேன்.

மாமா அடுத்த வருஷம் மூணு கொடைக்கு அவரே பெட்டிய தூக்கிட்டுப் போய் விடியவிடிய பக்கத்துல உக்காந்தார். குடத்து வாயில, அதை அடிக்கிற பத்தி விழுந்து அந்த 'கும்' அடிவயித்துல இறங்குச்சு பாரு, அண்ணாவி பாட்டை நிறுத்தித் திரும்பிப் பாத்தார். அப்புறம் ஆபரேட்டர் பயலுவளே கடைக்கு வந்து கத்துக்கிட்டானுவ. குமிழோட இடத்தை மாமா அப்புறமாத்தான் மாத்தினார், முனங்கிக்கிட்டே.

எங்க ஊர்க் கொடைக்கு வா, பாறசாலை என்ன தூரமா. குடத்துக்குக் கிட்ட உக்காந்து கேளு, ஒரு சைன் அலையோட சுருதியை சட்டுனு கீழ இறக்கி, தொடக்கத்துல கொஞ்சம் இரைச்சல் சேத்தா அந்த 'கும்' கிட்டத்தட்ட வரும், உன் மொழியில அங்கயே எழுது, அண்ணாவிகிட்ட போட்டுக் காட்டு. லேப்டாப்பை வீட்லயே முழுசா சார்ஜ் போட்டுட்டு வந்துரு, கோயில்ல இருக்கிறது ஒரே பிளக் பாயிண்ட், அது மைக் செட்டுக்கு.