ஆளைக் கூட்டாதீர்கள், தோட்டத்தைக் கூட்டுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில், தோட்டம் தோட்டமாக உணவையோ ஆலோசனையையோ கொடுத்து இனிப்பு நீர் (நீரிழிவு) ஆய்வு நடத்த நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

கேள்வி: ஐயா, நான்கு தோட்டம், தோட்டத்துக்கு 100 பேர். 400 பேர் போதும்தானே?

பதில்: போதாதம்மா. ஒரே லயத்தில் இருப்பவர்கள் ஒரே கடையில் சீனி வாங்குகிறார்கள், ஒரே கிளினிக்குக்குப் போகிறார்கள். பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) போகும்முன் எல்லார் வீட்டிலும் அதே கெட்டிப்பால் தேநீர்தான். நூறாவது ஆள் புதிதாகச் சொல்வது கொஞ்சமே. ஒரே தோட்டத்தாரிடையே உள்ள இந்த ஒற்றுமையின் அளவு (சுழியென்றால் ஒற்றுமையே இல்லை, ஒன்றென்றால் எல்லாரும் ஒரே மாதிரி) 0.02 என்று வைத்துக்கொள்ளுங்கள். 100இல் ஒன்றைக் கழித்து, 0.02ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் 2.98. 400ஐ அதால் வகுத்தால் 134. தனித்தனியே குலுக்கிச் சேர்த்த 134 பேர் தரும் தகவல்தான் உங்கள் கையில் இருக்கும். அதே 400 பேரை 20 தோட்டங்களில் இருபது இருபதாக எடுங்கள்: வகுக்கும் எண் 1.38, தகவல் 290 பேருக்குச் சமம். ரத்தம் எடுக்கும் செலவு அதேதான், அலைச்சல்தான் கூடும். அந்த அலைச்சலுக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்குங்கள்.

கேள்வி: 20 தோட்டத்துக்கு எங்கே போவது? பாதி லயம் காலி.

பதில்: அப்படியானால் இரண்டு குழுக்களுக்கும் கொடுப்பதைப் பாதியில் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். நம் மண்ணிலேயே முன்மாதிரி உண்டு. 1907இல் மருத்துவ ஆய்வாளர்கள் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலான், டுரியான் திப்புஸில் சாலை போட்ட சுமார் 300 ஜாவாத் தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தீட்டிய வெள்ளை அரிசி, மற்றதற்குப் புழுங்கல். வெள்ளை அரிசிக் குழுவில் நரம்புகளைக் கெடுக்கும் பெரிபெரி நோய் வந்தது. அரிசியை மாற்றிக் கொடுத்தார்கள். நோயும் இடம் மாறியது. புழுங்கல் சாப்பிட்ட நம் தமிழர்களுக்கு அந்த நோய் அரிது என்பதை முன்பே கவனித்திருந்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பாட்டியின் சோற்றுப்பானைதான் நினைவுக்கு வரும். ஆனால் ஒன்று: அரிசியை மாற்றலாம், சொல்லிக்கொடுத்த பாடத்தைத் திரும்ப வாங்க முடியாது. உணவு ஆலோசனைக்கு இந்த வழி ஆகாது.

கேள்வி: எந்தத் தோட்டத்தையும் ஆலோசனை இல்லாமல் விட்டுவிட மனசு வரவில்லை.

பதில்: விட வேண்டாம். படிப்படியாகக் கொடுங்கள்; யாருக்கு முதலில் என்பதைச் சீட்டு தீர்மானிக்கட்டும். 1986இல் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியை இப்படித்தான் வட்டாரம் வட்டாரமாகக் கொண்டுபோனார்கள். ஆனால் மாதம் போகப் போகத் தானாக வரும் மாற்றத்தைக் கணக்கில் கழிக்க வேண்டும். தீபாவளிப் பலகார மாதத்தை மறந்துவிடாதீர்கள்!

கேள்வி: மேனேஜர் சம்மதித்தால் போதுமா?

பதில்: தோட்டத்துக்குள் நுழைய அவர் சம்மதம் வேண்டும். ரத்தம் எடுக்க, கை நீட்டுகிறவரின் சம்மதம் வேண்டும்.