பங்குக் கணக்கும் பாடக் கணக்கும்

வணக்கம் ஐயா,

நான் காசிமேட்டில் விசைப்படகில் வேலை செய்கிறேன். கடலுக்குப் போனால் கரை திரும்ப ஒரு வாரமும் ஆகும், பத்து நாளும் ஆகும். மனைவி மீன் விற்கிறாள். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன் கணக்கில் பின்தங்கிவிட்டான். 'வீட்டில் யாரும் கவனிப்பதில்லை' என்று பள்ளியில் சொன்னார்களாம். நான் ஐந்தாவதோடு நின்றவன். டியூஷனில் சேர்ப்பதைத் தவிர என்னால் என்ன செய்ய முடியும்?

(பெயர் வேண்டாம்)
காசிமேடு

அன்புள்ள நண்பருக்கு,

அந்தச் சொல் உங்களைத் தைத்திருப்பது கடிதத்தில் தெரிகிறது. அது நியாயமான சொல் அல்ல. பிள்ளையின் வருகையையும் கற்கும் திறனையும் முன்னேற்றத்தையும் பெற்றோரை முறையாகச் சந்தித்துத் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 24ஆம் பிரிவில் சொல்கிறது. அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். உங்கள் மனைவி அங்கே போய்க் கேள்வி கேட்பதற்கு யாருடைய தயவும் தேவையில்லை.

டியூஷன் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்களிடம் இருக்கும் ஒரு கணக்கு அங்கே கிடைக்காது. படகு கரை சேர்ந்ததும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து, மிச்சத்தில் உரிமையாளருக்கு எவ்வளவு, ஆட்களுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பீர்கள் அல்லவா? உங்கள் மகன் தடுமாறும் விகிதமும் சதவீதமும் அதற்குள்தான் இருக்கின்றன. நீங்கள் வாயால் சொல்லுங்கள், அவன் நோட்டில் எழுதட்டும். ஒருவர் பங்கில் பத்து ரூபாய் கூடக் குறையக்கூடாது என்று நீங்கள் பார்க்கும்போது அவனும் பக்கத்தில் இருக்கட்டும். குடும்பத்தின் நெறி என்று நாம் பெரிதாகப் பேசுவதைப் பிள்ளைகள் இப்படிப்பட்ட இடத்தில்தான் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கரை வந்த அன்று மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். இந்தப் பத்து நாளில் எது புரியவில்லை என்று கேளுங்கள். பதில் உங்களுக்கே விளங்காமல் போகலாம், பரவாயில்லை. அப்பாவுக்கு விளங்கும்படி சொல்ல முயலும்போது அவனுக்கே தெளிவு பிறக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வருமானம் இல்லாத அந்த நாள்களின் பாரம் எனக்குத் தெரியும். ஆனால் கோடை விடுமுறையும் அப்போதுதான் வருகிறது. வலை சீர்செய்யும் இடத்துக்கு அவனையும் அழைத்துச் செல்லுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போதும் பெரும்பாலும் நீங்கள் கரையில்தான் இருப்பீர்கள். முதல் வாரத்திலேயே இருவருமாகப் போய் வகுப்பாசிரியரைப் பாருங்கள். அவன் எழுதிய பங்குக் கணக்கு நோட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

அன்புடன்